நோர்த் டக்கோட்டாவுக்குப் போன பை

என் அக்கா கமலாம்பிகை அமெரிக்காவின் ஐம்பது மாநிலத்துக்கும் போய் முடித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிகிறது. சொந்த அக்காமேல் பொறாமைப்படலாமா என்று கேட்கிறவர்கள் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு அறுபத்தாறு வயது. அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில், ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். அகதியாக முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான். பிறகு அம்மாவையும் என்னையும் தம்பி கிருபனையும் கூப்பிட்டு எடுத்தாள். அந்த ஒற்றை அறைக்குள் நாங்கள் நாலுபேரும் படுத்தெழும்பினோம். அக்கா ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி பண்ணும் வேலைக்குப் போனாள். பென்சன் வரும்வரை அதே வேலைதான். அவளுக்குப் பேசிவந்த கலியாணங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. ஒன்றில் சாதகம் பொருந்தவில்லை. இன்னொன்றில் மாப்பிள்ளை ஏற்கெனவே ஜேர்மனியில் ஒருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

எனக்கு எல்லாம் அந்தந்த நேரத்துக்கு நடந்தது. நவரட்ணம் என்று ஒரு நல்ல மனுசன், மகன் பிரியந்தன், அஜக்ஸில் பெரிய வீடு, மருமகள் சிவானி, மூன்று வயதில் பேத்தி அட்சயா. கலியாண வீடுகளில் யாராவது அக்காவை விசாரித்தால், "பாவம் அக்கா, தனிய" என்று தலையை ஆட்டிக்கொண்டு சொல்வேன். அப்படிச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது.

எல்லாம் பிற்ஸ்பேர்க் கோயிலுக்குப் போன பஸ்ஸால் வந்த வினை. சனங்கள் சேர்ந்து பஸ் பிடித்துப் போனபோது, பென்சில்வேனியாவில் எங்கோ நடுவழியில் அது பழுதாகி நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் சாரதியைத் திட்டிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் இறங்கி நடந்துபோய், தெருவோரக் கடையொன்றில் கோப்பி குடித்து, அந்த ஊர்க் கிழவிகளோடு கதைத்துவிட்டு வந்தாள். கோயிலில் சாமி கும்பிட்டபோதுகூட அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருக்கவில்லை.

வேலையை விட்டதும் முதல் வேலையாகக் கார் ஓடப் பழகினாள். மூன்று தரம் றோட் ரெஸ்ற்றில் பெயில். நாலாவது தரம் பாஸ். பழைய கொறோலா ஒன்று வாங்கினாள். புதிதாகக் கார் ஓடுகிற மனுசி எங்கே போவாள்? ஸ்காபரோவுக்கு மீன் வாங்கப் போவாள். இவள் ஒஹாயோவுக்குப் போனாள்.

பிறகு ஐம்பதையும் பார்க்கப் போகிறேன் என்று அறிவித்தாள். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். எல்லைக்குள் காலை வைத்துவிட்டு வந்தால் கணக்கில்லை. அந்த ஸ்ரேற்றில் ஒரு மொட்டலில் தங்கி, றைஸ் குக்கரில் சோறு போட்டுச் சாப்பிட்டால்தான் கணக்கு. முதலில் வரவேற்புப் பலகைக்குக் கீழே அக்கா நிற்கிற படம் வரும். பின்னேரம் சோற்றுக் கோப்பையோடு இன்னொரு படம். இரண்டும் எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் வந்து விழும்.

வயோமிங்கில் அவளுக்குப் பின்னால் காட்டெருமைகள் நின்றன. அந்தப் படம் வந்த நேரம் நான் அட்சயாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லூசியானாவில் நண்டும் சோறும். நியூ மெக்சிக்கோவில் வெள்ளை மணல். ஹவாயில் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் நின்று பல்லைக் காட்டினாள். இந்த வயதில் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா! இப்போது லண்டனில் இருக்கிற தம்பி கிருபன் வரிசையாக இதயம் போட்டான். நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு உடுப்பு மடிக்கப் போனேன்.

"உமக்கும் ஆசையெண்டால் சொல்லும், நயாகராவுக்குப் போவம்" என்றார் என் மனுசன்.

"எத்தினை தரமப்பா நயாகரா? ஊரிலயிருந்து ஆர் வந்தாலும் அங்கைதானே கொண்டுபோறியள். அந்தத் தண்ணிக்கே என்னைப் பாத்துப் பாத்து அலுத்துப்போயிருக்கும்" என்று நான் சீறினேன். அவர் ரிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

போன கோடையில் நாற்பத்தொன்பது முடிந்தது. மிச்சம் இருந்தது நோர்த் டக்கோட்டா. அக்கா ஒருநாள் போன் பண்ணினாள்.

"மலர், கடைசிக்கு நீயும் வாவன். காரில ஒரு சீற் சும்மாதானே கிடக்கு."

எனக்குத் துள்ளவேண்டும்போல இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்றேன்.

"சிவானி லீவு போடமாட்டாளே? கேட்டுப்பார்."

கேட்டேன். "போயிட்டு வாங்கோ மாமி, I'll manage" என்றாள் சிவானி. உண்மையில் அன்று நான் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். இனி எந்தப் படத்திலும் அக்கா தனியே நிற்கமாட்டாள். அந்தப் பலகைக்குக் கீழே நானும் நிற்பேன். அதற்காகவே ஒரு மாம்பழ நிறச் சட்டை வாங்கினேன்.

ஆனால் அக்கா வெளிக்கிட நினைத்தது வெள்ளிக்கிழமை. கோயில் கலண்டரைப் பார்த்தால் வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். மேற்கே போகிற ஆட்கள் வெள்ளிக்கிழமை பயணம் வெளிக்கிடலாமா?

"சூலமாவது ஈட்டியாவது! மொட்டலுக்குச் சொல்லியாச்சு, இனி மாத்தேலாது" என்றாள் அக்கா.

அதற்கும் எங்கள் ஆட்களிடம் வழி உண்டு. பரஸ்தானம் என்பார்கள். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. ஆனால் பையை ஒப்புக்கு வைக்கக்கூடாது. உள்ளே உண்மையாகவே பயணத்துக்கு வேண்டிய சாமான் இருக்க வேண்டும். நான் புதன்கிழமை நல்ல நேரத்தில் கோ ரெயின் பிடித்து, பையைக் கொண்டுபோய் அக்காவின் காருக்குள் என் கையாலேயே வைத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலை யூனியன் ஸ்ரேசனில் வந்து நின்றால் அக்கா ஏற்றிக்கொள்வாள் என்பது ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை மாம்பழச் சட்டையும் போட்டு, காலில் சப்பாத்தும் கொழுவியாயிற்று. அட்சயா எழும்பி வந்து, இரவு சாப்பிட்டதையெல்லாம் என் மடியிலேயே சத்தி எடுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அந்த நேரம் பார்த்து சிவானிக்கு வேலையிடத்திலிருந்து அழைப்பு, கட்டாயம் வரவேண்டுமாம். பிரியந்தன் விடியவே ஒஷாவாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். என் மனுசன் கையில் துவாயுடன் நின்று, "இப்ப என்ன செய்யிறது?" என்று என்னையே கேட்டார். அவரிடம் காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றினேன்.

அக்காவிடமிருந்து போன் வந்தது. "எங்கை நிக்கிறாய்? இதில கனநேரம் காரை நிப்பாட்ட விடமாட்டாங்கள்."

"நான் வரேல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல்."

"ஐயோ, அப்ப நானும் ஒரு கிழமை தள்ளி…"

அவள் இரக்கப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒண்டும் தள்ளவேண்டாம். நீ போ! உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? நினைச்ச நேரம் நினைச்ச இடத்துக்குப் போற ஆள்தானே!" என்று கத்தினேன்.

அவளுக்குப் பின்னால் யாரோ ஹோர்ன் அடிப்பது கேட்டது. "சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டு நாளாக வட்ஸ்அப்பில் எதுவும் வரவில்லை. நான் அட்சயாவுக்கு மருந்து கொடுப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். சனிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு, வீடு முழுக்க ஓடித் திரிந்தாள். எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு படம் வந்தது. அக்காவின் காரில், முன் சீற்றில், என் பை இருந்தது. அதற்கு சீற் பெல்ற் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே புல்வெளியும் வானமும். என் சீற்றில் என் பை கால் நீட்டி உட்கார்ந்து நோர்த் டக்கோட்டா பார்க்கிறது. ஒரு பையைப் பார்த்து எரிச்சல்பட்ட மனுசி இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

பொறுக்க முடியாமல் போன் பண்ணினேன்.

"எல்லைப் பாலத்தில செக் பண்ணுறவன் உது ஆரின்ர பை எண்டு கேட்டான்" என்றாள் அக்கா, சண்டையே நடக்காததுபோல. "தங்கச்சியின்ர எண்டன். தங்கச்சி எங்கை எண்டான். அவ வரேல்ல, பைதான் வருது எண்டன். என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு விட்டிட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, எனக்கு உன்னில சரியான பொறாமை" என்றேன். இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ எரியிறாய் எண்டு தெரியும். நீ பதிலுக்குப் போடுற ஒரு கட்டைவிரலைப் பாக்கத்தானே ஒவ்வொரு ஸ்ரேற்றிலயும் நிண்டு படம் எடுத்தனான். ஹவாயில முழங்கால் தெரிய நிண்டது ஆருக்கெண்டு நினைச்சாய்? கிருபனுக்கோ?"

"அடி பாவி!"

"ஊரில இருக்கிற எல்லாற்றை கலியாண வீட்டிலயும் என்னைப் பாவம் பாவம் எண்டு சொல்லித் திரிஞ்சனீயல்லோ. உன்னையும் ஒருக்கா எரியவைச்சுப் பாக்க எனக்கு ஆசை இராதோ?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா இந்தக் கடைசி அதுக்கில்லை, மலர். உன்னைக் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டுதான் நினைச்சனான். அண்டைக்கு நீ கேட்ட கேள்வியில காரை ஓரமா விட்டிட்டு இருந்து அழுதனான்."

"நான் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"சரி விடு. நான் இன்னும் இஞ்சை சோறு போடேல்ல. அப்ப அம்பது முடியேல்லத்தானே? நீ நாளைக்குப் பிளேன் எடுத்து வா. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நிக்கிறன். ரெண்டுபேருமாச் சேந்து சோறு போடுவம்."

நான் ஒன்றும் யோசிக்கவில்லை, கலண்டரைக்கூடப் பார்க்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் நின்று சத்தம் போட்டேன். பிரியந்தன், "நான் லீவு போடுறன், நீங்கள் போங்கோ அம்மா" என்றான். சிவானி, "go, மாமி, go!" என்று கையைத் தட்டினாள். என் மனுசன் ரிவியை நிற்பாட்டிவிட்டு எழுந்து வந்தார், அதிசயம்தான். பிரியந்தன் லப்ரொப்பைத் திறந்து, திங்கட்கிழமைக் காலைப் பிளேனில் ஒரு சீற் பிடித்தான்.

"அம்மா, பாஸ்போர்ட் நம்பரைச் சொல்லுங்கோ."

பயணத்துக்கு உண்மையாகவே வேண்டிய சாமான் இருக்க வேண்டும் என்று, எல்லாவற்றிலும் முக்கியமானதை அல்லவா நான் பைக்குள் வைத்தேன்! பரஸ்தானப் பையைப் பயணத்துக்கு முன்னர் திறக்கக்கூடாது என்று மேலே ஒரு சின்னப் பூட்டையும் போட்டிருந்தேன்.

போனில் அக்காவுக்கு விசயம் விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், மூச்சு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. "சிரி, நல்லாச் சிரி" என்று கத்திவிட்டு, நானும் அழுதேனோ சிரித்தேனோ தெரியாது. கடைசியில், "பூட்டை உடை அக்கா, அதில பருப்பும் மிளகாய்த்தூளும் கிடக்கு. எடுத்துச் சமைச்சுச் சாப்பிடு. முடி" என்றேன்.

பின்னேரம் படம் வந்தது. மொட்டல் அறைக்குள் மேசையில் இரண்டு கோப்பைச் சோறு. அக்கா தன் கன்னத்தோடு ஒட்டி என் பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்திருந்தாள். அதில் நான் பொலிஸில் பிடிபட்டவள்போல முறைத்துக்கொண்டிருந்தேன். "அம்பதும் முடிஞ்சுது. தங்கச்சியும் நானும்" என்று கீழே எழுதியிருந்தாள்.

கிருபன் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லைப்போலும். "சின்னக்கா, நீங்களும் போனீங்களோ! சொல்லவேயில்லை! வாழ்த்துகள்!" என்று எழுதினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாக எனக்கு இதயம் போட்டார்கள். நான் அஜக்ஸில், அடுப்படியில், தோய்த்துப் போட்ட மாம்பழச் சட்டையோடு நின்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்காவின் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு நோர்த் டக்கோட்டாவில் இருக்கிற அந்த மலர்மேல் எனக்கு வந்த பொறாமை அக்காமேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.