வீரபாகு அண்ணாச்சி இருந்த விரதம்

வீரபாகு அண்ணாச்சி எங்கள் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். நான் தாவரவியல். அவர் லேபுக்கும் என் லேபுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவருடைய சகோதரர்கள் மூன்று பேருக்கும் தூத்துக்குடியில் பலசரக்குக் கடை. வருகிறவர்களிடம் நாலு வார்த்தை சிரித்துப் பேச வராது என்பதால் இவரை மட்டும் படிக்க அனுப்பிவிட்டார்களாம். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லுவதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார்.

அதே ஊரில் மில்லர்புரத்தில் வீடு. அவரும் மனைவி சண்முகத்தாயும் மட்டும். பதிமூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை. அந்த அம்மாள் ஐப்பசி தவறாமல் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போய், கோயில் பிரகாரத்தில் மற்றப் பெண்களோடு தங்கி, ஆறு நாளும் துளசித் தண்ணீரும் இளநீரும் மட்டும் குடித்துக் கிடப்பார். பிள்ளை வரம் கேட்டு இருக்கிற விரதம் என்று தெருவுக்கே தெரியும். 1977-ல் ஆறாம் நாள் மயங்கி விழுந்துவிட்டார். ரத்தம் கொஞ்சமும் இல்லை, இனிமேல் பட்டினி போட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரே கவலை, இதை எப்படி நிறுத்துவது என்று. வாயால் சொல்லி ஒருவரை மாற்றுகிற ஆள் இல்லை அவர். கணக்கைக் காட்டினால் யாரும் கேட்டுவிடுவார்கள் என்று நம்பிய அப்பாவி.

பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே உடைத்துத் தின்னும். உடைந்த புரதத்தின் நைட்ரஜன் சிறுநீரில் வந்து சேரும். அதை அளந்தால், நாளொன்றுக்கு எவ்வளவு சதை போகிறது என்று கிராம் சுத்தமாகச் சொல்லிவிடலாம். மறு வருஷம் சஷ்டிக்கு முன்னால் மனைவியிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, தினமும் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"சாமி சந்நிதியிலயா? ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அந்த அம்மாள் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். சரி, நம்ம உடம்பும் உடம்புதானே என்று அண்ணாச்சியே விரதம் இருக்க முடிவு செய்தார்.

அதே மாதம்தான் அவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கட்டுரை வந்திருந்தது. பிரதி கேட்டுக் கார்டு எழுதிப் போட்டு, கப்பலில் வந்து சேர நாலு மாதம். முதல் நாள் பட்டினியோடு அதைத் தூக்கிக்கொண்டு என் லேபுக்கு வந்தார்.

"சார், இங்கன வாரும். கட்டுததுக்குச் சக்தி வேணும், சரி. இடிக்கதுக்கு எதுக்குவே சக்தி? வயித்துல சோறு செரிக்கதுக்கு இப்படி ஒண்ணும் வேண்டாமே. செல்லுக்குள்ள மட்டும் சக்தியச் செலவழிச்சுல்லா புரதத்த ஒடைக்குது. அப்பம் என்ன அர்த்தம்? கண்டதையும் ஒடைக்கல. இதுதான்னு பாத்து எடுக்குது."

"யாரு பாக்கா?" என்றேன், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

"அதான் தெரியல. கூட ஒரு சின்னப் புரதம் நிக்குதாம். கொதிக்க வச்சாலும் கெடல. அது என்ன சோலி பாக்குதுன்னு எழுதுனவங்களுக்கே பிடிபடல."

இன்றைக்கு அது கல்லூரிப் பாடம். அந்தச் சின்னப் புரதத்துக்கு யுபிக்விட்டின் என்று பெயர். மூன்று நொதிகள் அதைக் கைமாற்றிக் கொண்டுபோகின்றன. முதலாவது, சக்தியைச் செலவழித்து அதைத் தயார் செய்கிறது. இரண்டாவது வாங்கிச் சுமக்கிறது. மூன்றாவதுக்குத்தான் ஆளைத் தெரியும். கோணலாக மடிந்தது எது, வேலை முடிந்தது எது என்று பார்த்து, அதன்மேல் யுபிக்விட்டினை ஒட்டவைக்கிறது. பெரும்பாலும் ஒன்றோடு நிற்பதில்லை, சங்கிலியாக ஒன்றன்பின் ஒன்று. துறைமுகத்தில் கெட்டுப்போன மூட்டைக்குச் சாயத்தில் பெருக்கல் குறி போடுவார்களே, அது மாதிரி. குறி விழுந்த புரதத்தைச் செல்லுக்குள் இருக்கிற பீப்பாய் வடிவ நொதி ஒன்று உள்ளே இழுத்து நறுக்கிவிடும். குறியை மட்டும் கழற்றி அடுத்ததற்கு வைத்துக்கொள்ளும். பட்டினி நீண்டால் நல்ல சதைப் புரதத்தின் மேலும் இதே குறி விழும். அண்ணாச்சிக்கு அன்றைக்கு இதில் கால்வாசியும் தெரியாது. சரியான கேள்வி மட்டும் தெரிந்திருந்தது. அதைப் பேச இந்த ஊரில் அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை, நானோ பாதிக் காதோடு கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆறு நாளும் அவர் பட்ட பாடு! பாட்டிலை மஞ்சள் பையில் வைத்துக் காலையில் கொண்டுவருவார். சஷ்டிக் காலம், மஞ்சள் பை, முகத்தில் பட்டினிக் களை. ஸ்டாஃப் ரூமில் ஒருவர் தீர்த்தம் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டார். பக்கத்து வீட்டு மெட்டில்டா டீச்சர், "பொஞ்சாதிக்காக அண்ணாச்சியும் ஒருசந்தி வெரதம் இருக்காவ" என்று தெருவெல்லாம் சொல்லிக் கண் கலங்கினாராம். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். நைட்ரஜனை அளக்கக் காய்ச்சி வடிக்கும்போது ஆவியைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதால், டிரம்மில் பிடித்து வைத்து ஓட்டினார். வீட்டுக்குப் போவதே இல்லை. போய் என்ன செய்ய, அங்கே யார் இருக்கிறார்கள் என்றார்.

ஆறாம் நாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போனார். சூரசம்ஹாரக் கூட்டம். பிரகாரத்தில் ஒரு தூணடியில் சண்முகத்தாயைக் கண்டுபிடித்தோம். சாத்தான்குளத்துக்காரி செல்லக்கிளி என்பவர் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ சொல்ல, இந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணாச்சி காகிதத்தை விரித்தார். "நாளைக்குப் பதினோரு கிராம் நைட்ரஜன். சதையாப் பாத்தா முந்நூத்தம்பது கிராம். ஆறு நாளைக்கு ரெண்டு கிலோ. ஒனக்குக் கொஞ்சம் கொறையும், ஆனா போகதுக்கு ஓங்கிட்ட எங்களா இருக்கு?" அப்படியே புரதம், சக்தி, சின்னப் புரதம் என்று கால்மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். குரல் நடுங்கியது, பசியோ பயமோ.

அந்த அம்மாள் முழுசாகக் கேட்டார். "பிள்ள கேக்கத நிறுத்தி நாலு வருசமாச்சு" என்றார்.

"பின்ன எதுக்கு இங்கன வந்து கெடக்க?"

"இங்கன வந்தா பேச ஆள் இருக்கு. வீட்டுக்கு வாரிய, சாப்பிடுதிய, திரும்ப லேபுக்குப் போறிய. கல்யாணமாகி இவ்வளவு வார்த்த சேந்தாப்ல நீங்க எங்கிட்டப் பேசுனது இன்னைக்குத்தான்." அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இனிமே வரல. ஒங்க பயம் எனக்குத் தெரியுது" என்றார்.

அண்ணாச்சி காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அவர் நினைத்தது நடந்துவிட்டது. திரும்பும்போது அந்த அம்மாள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால்.

1979 சஷ்டிக்குச் சண்முகத்தாய் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மில்லர்புரம் போனேன். சமையல் முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு மூணாம் நாளுல்லா, சார்? செல்லக்கிளி என் எடத்தப் பிடிச்சு வச்சிருப்பா" என்றார். நேரே லேபுக்குப் போய் அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன். பியூரெட்டிலிருந்து குடுவைக்குள் அமிலம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நிறம் மாறவேண்டிய இடத்தைத் தாண்டி மாறிக்கொண்டே போயிற்று. அவர் திருகை மூடவில்லை.

அன்றைக்குத்தான் அவர் பட்டப்பகலில் லேபைப் பூட்டி நான் பார்த்தேன். சாயங்காலம் திருச்செந்தூர் பஸ் ஏற்றிவிட மனைவியைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தார். நானும் கூடப் போனேன். கையில் ஓட்டல் இட்லிப் பொட்டலம்.

"விரதம் வேண்டாம். சாப்பிட்டுக்கிட்டே பேசு."

"பிரகாரத்துல வச்சு இட்லி தின்னா அவளுவ என்னைய அடிப்பாளுவ."

"கடக்கரையில வச்சுத் தின்னு."

அந்த அம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏளா, அங்கன என்ன பேசுனேன்னு வந்து எங்கிட்டயும் சொல்லுதியா?"

"கேப்பியளா?"

பஸ் நகர்ந்துவிட்டது. கேப்பேன் என்று அவர் சொன்னது, பக்கத்தில் நின்ற என் காதில்தான் விழுந்தது.