பேஸ் வராத ஹெட்போன்

மாப்பிள்ளை பால் மில்லில் வேலை செய்கிறார் என்று தரகர் சொன்னதை எங்கள் வீட்டில் பால் பண்ணை என்று எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அந்த ‘பால்’ இங்கிலீஷில் பந்து; அது செராமிக் கம்பெனியில் களிமண்ணையும் கல்லையும் அரைக்கிற பெரிய இரும்பு உருளை. உள்ளே கூழாங்கற்களைப் போட்டு நாள் முழுக்கச் சுழலவிடுவார்கள். அதன் பக்கத்தில் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வந்தால் அரைமணி நேரத்துக்கு என் கணவர் சத்தம் போட்டுத்தான் பேசுவார். கோபக்காரர் போலிருக்கிறது என்று முதல் மாதம் பயந்தேன். பிறகு பழகிவிட்டது.

ஒன்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். கம்பெனியில் ஒரு ஷிப்டைக் குறைத்தபோது வெளியே வந்தவர், வேறு கம்பெனி தேடவில்லை. பாட்டென்றால் அவருக்கு உயிர். கம்ப்யூட்டரில் குரலைப் பதிந்து வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து, ரெக்கார்டிங் வேலையை ஆரம்பித்தார். அப்போதெல்லாம் ஊரில் எந்தக் கடை திறந்தாலும் ஆட்டோவில் குழாய் கட்டி விளம்பரம் போகும். அதற்குக் குரல் நான். ஆடித் தள்ளுபடியும் நகைக்கடைத் திறப்பும் என் குரலில் ஊரைச் சுற்றின. ரயில் ஹாரன் அடித்தால் நிறுத்திவிட்டு, வண்டி போன பிறகு மறுபடி முதலிலிருந்து படிப்பேன்.

விளம்பரத்துக்குக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்த சின்ன ஹெட்போன் போதுமானதாக இருந்தது. பாட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை வந்ததும் அவருக்கு அது போதவில்லை. சென்னையில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், பெரிய கறுப்பு ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்தார். காதையே முழுதாக மூடிக்கொள்ளும் மெத்தை வைத்தது. ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

மாட்டிப் பார்த்தோம். சத்தமே எழும்பவில்லை.

"என்னாங்க இது, பக்கத்துத் தெருவுல ரேடியோ பாடுற மாதிரி இருக்குது" என்றேன்.

"பேஸே இல்ல. வெறும் மேல் சத்தந்தான் கேக்குது" என்றார். அதிலும் பாதிதான் அவருக்குக் கேட்டது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தாலும் திருப்பிக் கொடுக்க இடமில்லை. வால்யூமை முழுதாக வைத்து, கம்ப்யூட்டரில் பேஸையும் ஏற்றிவிட்டு அதிலேயே வேலை செய்ய ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் கம்மாபுரம் பக்கத்திலிருந்து பம்பைக் குழு ஒன்று வந்தது. இரண்டு பைக்கில் நான்கு பேர், மடியில் பம்பையும் உடுக்கையும் சிலம்பும். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட வருகிறவர்களிடம் போட்டுக் காட்ட ஒரு சி.டி. வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அறை அதிர வாசித்துவிட்டுப் போனார்கள். என் கணவர் ஒரு வாரம் உட்கார்ந்து அதைச் சரிசெய்து சி.டி. போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் குழுவின் தலைவர் மட்டும் தனியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நாலு வூட்டுல போட்டுப் பாத்துட்டுத்தான் வரேன்" என்றார். "கீழ கொழகொழன்னு இருக்குது. மேல காதுல ஊசி குத்துது. நடுவுல என் பம்பையக் காணோம்."

என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பச் செய்து தருகிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் போனதும் ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மைக்செட் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் பொறித்திருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"மின்தடை அறுநூறு ஓம்னு போட்டிருக்குது. இத நேரா கம்ப்யூட்டருல சொருவுனா எப்பிடிங்க வரும்?"

"ஏன், அது கெட்டுப்போச்சா?"

"கெடல. லோ வோல்ட்டேஜில ஒங்க கொல்லையில மோட்டாரு போட்டா என்னா ஆவும்? சுத்தும், தண்ணி எறைக்காது. இது அப்பிடித்தான். பெரிய ஸ்டுடியோ மெஷினுக்குன்னு செஞ்ச சாமான். நடுவுல சத்தத்த ஏத்துற ஆம்பு ஒண்ணு வெச்சாத்தான் எழும்பும்."

"பேஸு மட்டும் ஏன் வரல?"

"பேஸு உள்ளதான் இருக்குது. சத்தம் கொறஞ்சா மனுசன் காது மொதல்ல உடுறது அதத்தான். ஒங்களுக்குக் கேக்கலன்னு நீங்க ஏத்தி உட்டிருப்பீங்க. மத்தவங்க வூட்டுப் பெட்டியில அது கொழகொழன்னு வந்திருக்கும்."

பம்பைக்காரர் சொன்ன அதே சொல்லை இவரும் சொன்னது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆம்பை அவரே செய்து தருவதாகச் சொன்னார். நான்கு நாளில், இட்லிப் பார்சல் அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி வந்தது. முதல் நாள் வண்டு ரீங்கரிப்பதுபோல் உறுமியது. எர்த் ஒயரைச் சரியாகக் கொடுத்ததும் அடங்கிவிட்டது.

திருத்தாத பழைய பதிவைப் போட்டுவிட்டு என் கணவர் ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். பம்பையின் ஒரு பக்கம் கிண்ணென்று பேசும், மறுபக்கம் தும் தும்மென்று அடங்கிப் பேசும். அந்த அடங்கிய பக்கம் வரும்போதெல்லாம் அவர் தலை தானாக அசைந்தது.

"வந்துடுச்சி" என்றார்.

நான் வாங்கி மாட்டினேன். எனக்கு அப்படியொன்றும் வரவில்லை. அவர் என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஜிமிக்கியக் கழட்டு, முடிய ஒதுக்கு" என்றார். கழற்றிவிட்டு மெத்தை காதோடு படியும்படி அழுத்தி வைத்தேன். அப்போதுதான் அது வந்தது. காதில் கேட்டது போலவே இல்லை. தாடையிலும் கழுத்திலும் யாரோ உள்ளங்கையால் தட்டுவது போலிருந்தது. இடையில் நூலளவு வழி இருந்தால்கூடப் பேஸ் ஓடிவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதிலிருந்து அறைக்குள் வந்ததும் ஜிமிக்கியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவேன்.

மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். கீழ்ச் சத்தம் கச்சிதமாக அமைந்தது. ஆனால் நான் கேட்டபோது சிலம்பு இன்னும் குத்தியது.

"எனக்கு அப்பிடித் தெரியலியே."

"எனக்குப் பல்லு கூசுதுங்க."

இரண்டு நாள் இதே பேச்சு. அவர் குறைத்தேன் என்பார், எனக்குக் குறைந்ததாகவே தெரியாது. ஹெட்போனில்தான் இன்னும் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்து மெக்கானிக்கைக் கேட்டோம். கம்ப்யூட்டரில் ஒவ்வோர் அதிர்வெண்ணாக வெறும் ஒலியை எழுப்பிப் பார்க்கலாம், எண் ஏற ஏற ஒலி கீச்சென்று மேலே போகும், எங்கே சத்தம் விழுகிறதென்று தெரிந்துவிடும் என்று வழி சொல்லிக் கொடுத்தார்.

முதலில் நான் மாட்டிக்கொண்டேன். மிகக் கீழே இருந்தவை எனக்கு லேசாகத்தான் கேட்டன. மேலே போகப் போக எல்லாம் தெளிவாகக் கேட்டன. பிறகு அவர் மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், நான் எண்களை மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

நாற்பதுக்கே கை தூக்கிவிட்டார். நூறு, ஐந்நூறு, ஆயிரம், எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் கை உயர்ந்தது. மூவாயிரத்துக்குக் கொஞ்சம் தயங்கித் தூக்கினார். நாலாயிரம் வைத்தேன். கை முழங்காலிலேயே இருந்தது. காத்திருந்தேன்.

"நிறுத்திட்டியா?" என்று கேட்டார்.

நான் எட்டி ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதிலிருந்து விலக்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். கொசு போல விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"இல்லீங்க. ஓடிக்கிட்டுதான் இருக்குது."

ஆறாயிரம் வைத்தேன், எட்டாயிரம் வைத்தேன். கை எழவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார்.

"என் வாட்சில அலாரம் அடிக்குதுன்னு சொல்லுவியே" என்றார் பிறகு. "அதுல அலாரமே கெடயாது, நீதான் எதையோ கேட்டுட்டுச் சொல்றேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் அறையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானே வற்புறுத்தி, புதுச்சேரியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து அவர்களும் அதே சோதனையைத்தான் செய்தார்கள். ஒன்பது வருஷ மில் சத்தம் என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், ஹெட்போனில் வேலை செய்யலாம், ஆனால் அளவுக்கு மேல் சத்தம் கூடாது என்றார். கீழ்ச் சத்தமெல்லாம் நல்ல காதுக்குரிய அளவிலேயே இருக்கிறது என்றும் காகிதத்தில் காட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். நெய்வேலி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"கீழ நான் பாக்குறேன். மேல நீ பாரு."

"எனக்கு என்னாங்க தெரியும்? நான் பேப்பரப் பாத்துப் படிக்கிறவ."

"ஒனக்குக் கேக்குது. மத்தத நான் சொல்லித் தரேன்."

அப்படித்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் எந்தப் பட்டனைத் தொடுவதற்கு முன்பும் அவரைத் திரும்பிப் பார்ப்பேன். அவர் பம்பையையும் உடுக்கையையும் சரிசெய்துவிட்டு எழுந்திருப்பார், நான் ஜிமிக்கியைக் கழற்றிவிட்டு உட்காருவேன். சிலம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பல் கூசுவது நின்ற இடத்தில் விட்டேன். ஆம்பின் திருகில் என் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டுவைத்தேன். அதைத் தாண்டி அவர் திருகக் கூடாது. சில நாள் திருகுவார், நான் பார்த்தால் பின்னுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

பம்பைக்காரரை வரச்சொல்லி ஹெட்போனைக் கொடுத்தோம். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். கடைசிவரை அசையாமல் கேட்டார். விரல்கள் மட்டும் தொடையில் வாசித்துக்கொண்டிருந்தன.

"இதுதாங்க எங்க சத்தம்" என்றார். "யாரு செஞ்சது?"

"ரெண்டு பேருந்தான்" என்றார் என் கணவர்.

பம்பைக்காரர் சொல்லித் திட்டக்குடிப் பக்கத்துக் குழு ஒன்று வந்தது. பிறகு பேண்டு செட்டுக்காரர்கள் வந்தார்கள். விளம்பரம் படிப்பதைவிட அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போனது.

இதற்கிடையில் என் கணவர் டாக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒருநாள் பழைய கம்பெனி வாசலுக்குப் போனார். ஷிப்ட் மாறுகிற நேரம். மில்லில் நிற்பவர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சிலர் சிரித்துவிட்டுப் போனார்களாம். ஒருவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் எங்கள் அறைக்கு வந்துவிட்டார். மில்லுக்கு வந்து மூன்று வருஷமாகிறதென்றார்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து என் கணவரே மாட்டிவிட்டார். நான் எண்களை மாற்றினேன். ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். நாலாயிரம் வைத்தபோது என் கணவர் திரையைப் பார்க்கவில்லை, அந்த மனிதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை உயர்ந்தது. ஆறாயிரத்துக்கும் உயர்ந்தது. எட்டாயிரத்துக்கும்.

"எல்லாம் கேக்குதுண்ணே" என்றார் அவர்.

"நாளைக்கே மேனேஜரப் பாத்து காதுக்கு மூடி கேளுங்க" என்றார் என் கணவர். "வேணும்னா நானும் கூட வரேன்."

மறுநாள் காலை இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள்.