கேக்கின் மேல் ஊற்றிய இரண்டு சொம்பு தண்ணீர்

போன வருடம் ஆனி மாதம் நடந்தது. பென்னாகரத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தப் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது ஒரு பிறந்த தேதி. சேர்க்கும்போது வாத்தியார் தாமாகப் போட்டுக்கொண்டது. அதுதான் ஆதாரிலும் இருக்கிறது. இல்லாத தேதிக்கு என்ன கொண்டாட்டம் என்று நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

எனக்குப் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து, ஏறிய பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியிருக்கிறேன். "நீ பாக்குற பார்வைக்கு பயந்தே அந்த சிலிண்டரு வெடிக்காது புள்ள" என்பார் என் வீட்டுக்காரர்.

அவருக்கு ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் கடையில் வேலை. அந்த வாரம் ஆற்றில் தண்ணீர் அதிகமாக வந்து, குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிட்டார்கள். ஆளே வராத இடத்தில் மீன் யாருக்கு? கடையை மூடிவிட்டதால் வீட்டில் இருந்தார். எனக்கு அதுவே கவலை. போதாக்குறைக்கு டப்பாவில் கேழ்வரகு மாவு வேகமாகக் குறைந்தது. கேட்டதற்கு, "வண்டு வெச்சிருந்துச்சு, கொட்டிட்டேன்" என்றார். செல்லைப் பார்த்துக்கொண்டிருப்பவர், நான் வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவார். எதையோ மறைக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. உடம்புக்கு ஏதாவது வந்து சொல்லாமல் இருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

அன்று மதியம் அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவ்வளவுதான், அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஆள் இல்லை. செல் கட்டில் மேல் கிடந்தது. அடுப்பில் குக்கர். விசில் போடவில்லை. மூடியின் ரப்பரும் கழற்றிப் பக்கத்தில் கிடந்தது. துளி ஆவி இல்லை. வெறும் பாத்திரம் காய்கிற வாடை மட்டும். தண்ணீர் வற்றியதை மறந்து எங்கேயோ போய்விட்டார், இதோ வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். "அய்யோ!" என்று கத்திக்கொண்டே கேஸை மூடினேன். குக்கரைத் தூக்கிப் பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, இரண்டு சொம்பு தண்ணீரை ஊற்றினேன். ரப்பர் இல்லாத இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, சுர்ரென்று புகைந்து அடங்கியது.

மூடியைத் திறந்தேன். அடியில் கொட்டியிருந்த கல்லுப்பு கரைந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு வட்ட டிபன் டப்பா. அதற்குள் பழுப்பாக, பாதி உப்பி, உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது ஏதோ ஒன்று. ஏலக்காய் வாசம் வந்தது.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்தார், கையில் ஒரு மெழுகுவத்தியோடு.

"இத வாங்கத்தான் போனேன். அஞ்சு நிமிசம்..."

"என்னங்க இது?"

"கேக்கு. இன்னிக்கு ஒனக்குப் பொறந்த நாளு இல்ல?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "மூணு நாளா கருகுன கேக்கத் தின்னே எங்கூட்டு ஆடு கொழுத்துப்போச்சு. இன்னிக்குத்தான் நல்லா வருதுன்னு சொல்லிட்டு கடைக்குப் போனாரு. நீ தீயணைப்பு வண்டியாட்டம் வந்து அணச்சிட்டியே, கண்ணு!"

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கென்று ஒருவர் ஆசையாகச் செய்ததை என் கையாலேயே மூழ்கடித்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. "அது வாத்தியாரு போட்ட தேதிங்க. அதுக்குப் போயி ஏன் இவ்ளோ பாடு?" என்று உளறினேன்.

"யாரு போட்டா என்ன? ஏதோ ஒரு நாளு நீ பொறந்துதான இருக்குற?" என்றார். அப்புறம் எழுந்து வந்து, "கை சுட்டுக்கிச்சா? காட்டு" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதும் நிஜமாகவே அழுதுவிட்டேன்.

இன்னொரு கேக்குக்கு மாவும் வெல்லமும் மிச்சம் இருந்தன. மறுபடி கலக்கி வைத்தார்.

"ஒரே கண்டிசன். முக்கா மணி நேரத்துக்கு மூடியத் தொடக் கூடாது."

"வெடிக்காதுங்களே?"

"ரப்பரும் இல்ல, விசிலும் இல்ல. ஆவி போறதுக்குத்தான் வழி இருக்குதே, எப்படிப் புள்ள வெடிக்கும்?"

அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்தோம். நான் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் மீன் வாடை போகாத கை. முதலில் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. அவர் தோளில் சாய்ந்திருந்தேன்.

கேக் நடுவில் பிளந்திருந்தது. ஓரத்தில் லேசாக உப்புக் கரித்தது. அக்கா ஒரு துண்டை வாயில் போட்டு, "ஆட்டுக்குக் குடுத்தத விட இது பரவால்ல" என்றார். வீட்டுக்காரர் அப்போதுதான் சிரித்தார். நான் மூன்று துண்டு தின்றேன்.

என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் மூடியிருக்கிற எதற்குள்ளும் கெட்டதுதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிற நான், இப்போதெல்லாம் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன். உள்ளே எனக்காக ஒருவர் வைத்த நல்லது வெந்துகொண்டிருக்கலாம் அல்லவா?