ஜாடியில் இருந்த ஓடை மீன்கள்

கலசப்பாக்கத்தில் என் வீட்டு மீன் தொட்டியைக் கழுவும்போது கூழாங்கற்களிலிருந்து பாசி வாடை எழுந்தது. என் சின்ன வயதில், எங்கள் மலையூரான ஜமுனாமரத்தூரில் அப்பா ஓடையில் பிடித்த மீன்களைக் கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். அதிலும் இதே வாடைதான். தினமும் காலையில் பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுவார். "முழுசா மாத்தினா மீனு தாங்காது, கண்ணு" என்பார்.

ஒரு கோடையில் ஆந்திராவுக்கு மரம் வெட்டும் கூலிக்குப் போனார். "போய்ட்டு வர்றேன். தண்ணிய நீ மாத்து" என்று என்னிடம் சொன்னார். சில வாரம் கழித்து அவர் உடல்தான் வேனில் வந்தது. எப்படிச் செத்தார் என்று அவரை வேலைக்குக் கூட்டிப்போனவர்கள் சொல்லவே இல்லை.

அடக்கம் முடிந்ததும் அம்மா ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னாம்மா பண்ற? நாந்தான் தண்ணி மாத்துறேனே" என்று அழுதேன்.

அம்மா ஜாடியை ஓடையில் கவிழ்த்தாள்.

"இதுங்களாவது உசுரோட வூடு போய்ச் சேரட்டும்."