பாய் பற்றவைக்காத பீடி

கேஸ் டிரம் வெடித்தால் முதலாளி முதலில் தேடுவது காயம்பட்ட ஆளை அல்ல, பீடித் துண்டை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஊரெல்லாம் சிலிண்டருக்கு மாறிய பிறகும் எங்கள் முதலாளி பழைய கார்பைடு டிரம்மை விடவில்லை. டிரம்மில் தண்ணீர் இருக்கும். கார்பைடு கல்லைக் கூடையில் போட்டு இறக்கினால் வெல்டிங்குக்கான அசிட்டிலின் கேஸ் கிளம்பும். கூடவே சூடும் கிளம்பும். அடுப்பு எதுவும் வேண்டாம், கல்லும் தண்ணீரும் சேர்ந்தாலே சூடுதான். கல் பெரிதாக இருந்தால் மெதுவாகக் கரையும், அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். பொடியைக் கொட்டினால் மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கும். சூடும் அழுத்தமும் ஏறிவிட்டால் அந்த கேஸ் வெடிக்கத் தீப்பொறிகூடத் தேவையில்லை.

இதையெல்லாம் முதலாளியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்படியும் கார்பைடு டின்களின் அடியில் தங்கிய பொடியை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்து இறக்கினார்.

“கல்லா இருந்தா என்ன, பொடியா இருந்தா என்ன மேஸ்திரி? ரெண்டும் கார்பைடுதானே” என்றார்.

அது நோன்பு மாதம், உச்சி வெயில் நேரம். வெல்டர் இப்ராஹிம் பாய் வெல்டிங் டார்ச்சை அணைத்துவிட்டு முதலாளியும் நானும் நின்ற இடத்துக்கு வந்தார். “டிரம்முல கை வெக்க முடியலீங்க. வேலைய நிறுத்தீறலாமுங்களா?” என்று கேட்டார்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றேன். முதலாளி கேட்கவில்லை. சாயங்காலம் வண்டியை டெலிவரி கொடுக்க வேண்டுமாம், தண்ணீர் மாற்ற நேரமில்லையாம். பாய் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் டிரம் பக்கத்தில் போகவும் மூடி பறக்கவும் சரியாக இருந்தது. கொதிக்கும் சுண்ணாம்புத் தண்ணீர் அவர் முகத்திலும் வலது கையிலும் கொட்டியது.

பாய் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாய் பீடி பத்த வெச்சாருன்னு சொல்லிப்போடுங்க மேஸ்திரி. அவரு பொழைச்சுக்கிட்டாரு, நம்ம பட்டறையும் பொழைக்கோணுமல்ல?”

கூசாமல் சொன்னார். தப்பு பாய் தலையில் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

விசாரணை அன்று பாயின் மனைவி பட்டறை வாசலில் நின்றிருந்தார். முதலாளி பீடிக் கதையை முழுதாகச் சொல்லி முடித்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“சார், அன்னைக்கு பாய் நோன்புங்க” என்றேன். “எச்சிலக்கூட முழுங்காத மனுசனுங்க. காலைல டீ சொல்றப்ப, பாய் நோன்பு, அவருக்கு வேண்டாம்னு கடைக்காரர்கிட்டச் சொன்னதே நம்ம முதலாளிதானுங்க.”

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

நஷ்டஈடு கிடைத்தது. பாயின் வலது கை விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை, டார்ச் பிடிக்கிற வேலை அவருக்கு அதோடு போயிற்று. டிரம் வெடித்த அடுத்த வாரமே பட்டறைக்குச் சிலிண்டர் வந்து இறங்கியிருந்தது. அதை ஒரு வாரம் முன்னால் இறக்க இவருக்கு என்ன கேடு?

பட்டறை வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிரம் சுட்டால் டார்ச்சை அணைத்துவிட்டு நேராக வெளியே வந்துவிடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பாய் கேட்டார்.