ராத்தாவின் ஒழுங்கைக்கு ரோஸ் கலர்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுது. பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது. எத்தாளையிலிருந்து ராத்தா — என் கூடப்பிறந்த அக்கா.

"தம்பி, எங்கட ஒழுங்கைக்கு ரோஸ் கலர் அடிச்சிருக்காங்களாம்."

எனக்கு விளங்கவில்லை. சந்து மாதிரி ஒரு மணல் ஒழுங்கைக்கு யார் பெயின்ட் அடிப்பது? தேர்தல்கூடக் கிட்டத்தில் இல்லையே...

"ஒழுங்கைக்கு இல்லடா. படத்தில. கொழும்பில இருந்து ஒரு படம் கீறி வந்திருக்காம். ரோஸ் கலர் எண்டா ஹோட்டல் வாற இடமாம். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில கூட்டம் வச்சிருக்காங்க. நீ பேப்பர்ல எழுதுறவன் தானே, வந்து ஒரு மூலையில இரு."

பேப்பரில் எழுதுகிறவனுக்கு எங்கள் குடும்பத்தில் இருக்கும் மரியாதை இவ்வளவுதான். மூலையில் இருக்கலாம்.

"மச்சான் வாறாரா?" என்று கேட்டேன். மச்சான் என்றால் ராத்தாவின் கணவர்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "சொல்லியிருக்கன். வருவார்."

அந்தக் கொஞ்ச நேரச் சத்தமின்மை ஏன் என்று உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால், ராத்தாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மன்னார் முசலிப் பக்கத்து ஆட்கள். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னபோது படகேறி வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். நான் சின்னவன். ராத்தா கலியாணம் முடித்துக் கொஞ்ச காலம். மச்சான் மேசன் வேலை. ஊரில் தனக்கென்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டு, சுவர் இடுப்பளவுக்கு எழும்பிய நேரத்தில்தான் புறப்பட்டு வந்தார். அடுத்தவர்களுக்கு எத்தனையோ வீடு கட்டிக் கொடுத்த மனிதன்... தன் வீட்டின் கூரையைப் பார்க்காமலே வந்துவிட்டார்.

முகாம், ஓலைக் குடில், பிறகு எத்தாளையில் ஒரு துண்டுக் காணி. வெங்காயத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவில், மணல் ஒழுங்கை. அதில் மச்சானே ஒரு வீடு கட்டினார். இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். ராத்தா முற்றத்தில் முருங்கை வைத்தார், வேலியோரம் மல்லிகை வைத்தார். சிங்களம் படித்துக்கொண்டார். ஒழுங்கையில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதலில் ராத்தாவைத்தான் கூப்பிடுவார்கள்.

யுத்தம் முடிந்தது. முதல் ஆளாக ஊரைப் பார்க்கப் போனவர் மச்சான். திரும்பி வந்து ஒரேயொரு வசனம்தான் சொன்னார்.

"அத்திவாரம் அப்படியே இருக்கு."

சுற்றிவரக் காடு மண்டியிருந்ததாம். கிணறு தூர்ந்து கிடந்ததாம். அதெல்லாம் பிறகு தவணை முறையில் வந்த தகவல்கள். அன்றைக்கு அவருக்கு அத்திவாரம் மட்டும்தான்.

அன்று தொடங்கினார். காட்டை வெட்டினார், கிணற்றை இறைத்தார், விட்ட இடத்திலிருந்து சுவரை எழுப்பினார். வேலை கிடைத்தால் அந்தப் பக்கமே மேசன் வேலை. கிடைக்காத நாளில் தன் வீட்டு வேலை. மாதம் ஒரு தடவை எத்தாளைக்கு வருவார். காட்டுக்குள்ளால் வரும் பாதை கிட்ட. ஆனால் அது எப்போது திறந்திருக்கும், எப்போது மூடியிருக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. மதவாச்சியால் சுற்றி, பஸ் மாறி மாறி வந்தால் ஒரு பகல் போய்விடும்.

வந்ததும் முகம் கழுவி, பிளேன்டீ குடித்துவிட்டுக் கேட்பார்.

"என்ன புள்ள, வாறியா?"

ராத்தா சொல்லுவார்: "மூத்தவட சோதனை முடியட்டும்."

பள்ளிப் பரீட்சை முடிந்தது. சின்னவளின் சோதனை வந்தது. பிறகு மூத்தவளின் கலியாணம். பிறகு பேரப்பிள்ளை. பிறகு பேரப்பிள்ளைக்குச் சளி... காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் உண்மையான காரணங்களும்கூட.

மச்சான் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. "சரி" என்பார். அடுத்த மாதம் வந்து மறுபடி கேட்பார்.

ஒரு மனிதன் வருஷக்கணக்காக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் என்ன? பிடிவாதமா? ஏக்கமா? நான் ராத்தாவிடம் ஒரு தடவை கேட்டேன், உண்மையில் உங்களுக்குப் போக விருப்பமில்லையா என்று.

"விருப்பம் இல்லாம இல்ல தம்பி. அவர் போய் இருந்திட்டு வந்தா, அவரில ஊர் மணக்கும். உடுப்பத் துவைக்க மனம் வராது. ஆனா இன்னொரு தரம் ஒரு வீட்டைப் பூட்டிட்டு வெளிக்கிட எனக்குத் தைரியமில்ல."

இதுதான் நிலைமை. இப்போது கூட்டத்துக்கு வருவோம்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். மச்சான் முதல் நாள் பின்னேரமே வந்துவிட்டார். சலவை செய்த வெள்ளைச் சேட்டுடன் எனக்குப் பக்கத்தில் இருந்தார். சீமெந்து தின்ற விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தார்.

புரொஜெக்டரில் படம் விழுந்தது. எத்தாளை, சுற்றியுள்ள கிராமங்கள், கடற்கரை எல்லாம் ஒரே பார்வையில். மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் தோட்டம், ரோஸ் என்றால் சுற்றுலா. கொழும்பிலிருந்து வந்த ஒரு இளம் மிஸ் சிங்களத்தில் விளங்கப்படுத்த, எங்கள் பக்கத்து உத்தியோகத்தர் ஒருவர் தமிழில் சொன்னார். அழகான படம். நான் நக்கலாகச் சொல்லவில்லை... மேலிருந்து பார்த்தால் எங்கள் கரை அவ்வளவு அழகு. ராத்தாவின் ஒழுங்கை கடலோரம் நீண்ட ரோஸ் பட்டைக்குள் முழுதாகப் போயிருந்தது.

ஊரின் பழைய குடும்பத்து ஹாஜியார் ஒருவர் எழும்பினார். "ஹோட்டல் வந்தா நம்மட பொடியன்மாருக்கு வேலை கிடைக்கும். எவ்வளவு காலத்துக்குத்தான் கட்டார், குவைத் எண்டு அனுப்புறது?" என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் என்ன பிழை?

அடுத்து ஒழுங்கைக்காரர் ஒருவர் கேட்டார்: "அப்ப நாங்க எங்க போறது?"

மூத்த அதிகாரி மைக்கை எடுத்தார். கடுமையான மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். அந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தவர்கள். இப்போது யுத்தம் இல்லை. பலருக்குச் சொந்த ஊரில் காணி இருக்கிறது, சிலருக்கு வீடும் இருக்கிறது. நட்டஈடும் கொடுத்தால் அவர்கள் சொந்த இடத்துக்கே போய்ச் சந்தோஷமாக வாழலாம் தானே?

உத்தியோகத்தர் அதையும் தமிழில் சொன்னார். அதிகாரியின் பக்கத்தில் இருந்த ஒருவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி எங்கள் பக்கம் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு அங்கே புது வீடு இருக்கிறதாமே?"

கேட்டது மச்சானை.

எல்லாத் தலையும் திரும்பியது. நான் ராத்தாவைத் தேடினேன். பெண்கள் பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். இத்தனை வருஷமாக மச்சான் கேட்டும் நடக்காதது, இப்போது அரசாங்கச் செலவில் நடக்கப் போகிறது. "ஓம்" என்று ஒரு சொல் போதும். ராத்தா எந்தக் காரணமும் சொல்ல முடியாமல் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சத்தியமாகச் சொல்கிறேன்... அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்வார் என்றுதான் நானும் நினைத்தேன். சொன்னால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மச்சான் எழும்பினார். மைக்கை வாங்கவில்லை.

"ஓம் சேர். வீடு இருக்கு. நான்தான் கட்டினன். அதில நான் தனியத்தான் இருக்கிறன். என்ட பெண்சாதி அங்க வரணும் எண்டு எனக்கு இருக்கிற ஆசை இந்த மண்டபத்தில வேற ஒருத்தருக்கும் இருக்காது."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆனா சேர், எங்கள ஒருக்கா ‘போ’ எண்டு அனுப்பினாங்க. அப்பிடித்தான் இஞ்ச வந்தம். இப்ப நீங்களும் ‘போ’ எண்டு அனுப்பி அவ அங்க வந்தா, அது அவக்கு வீடா இருக்காது. இன்னொரு முகாம் மாதிரித்தான் இருக்கும். அவட வீட்டை அவக்கு விடுங்க. அவ இஞ்ச இருக்கட்டும். மனம் வந்தா வரட்டும். வராட்டி நான் வந்து வந்து கேக்கிறன். எனக்கு அது பழக்கம்."

இருந்துவிட்டார்.

மொழிபெயர்க்க வேண்டிய உத்தியோகத்தர் சிங்களத்தில் சொன்னார். முழுவதையும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் நின்ற மிஸ், மச்சானைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்து வயர்களைச் சுற்றும்போது எங்களிடம் வந்து, தெரிந்த தமிழில், "நாங்க திரும்பப் பார்க்கிறோம் ஐயா" என்றார்.

வீட்டுக்கு நடந்தோம். ராத்தா முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். மணலில் செருப்புச் சத்தம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பிளேன்டீயை வைத்துவிட்டு ராத்தா கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"பின்ன?"

"நீங்க என்னைக் கூட்டிப் போகத்தான் வந்தீங்க எண்டு நினைச்சன்."

"கூட்டிப் போகத்தான் வந்தன்" என்றார் மச்சான். "ஒவ்வொரு தரமும் அதுக்குத்தானே வாறன்."

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். எழுதுகிறவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்த நாள் மச்சான் முதல் பஸ்ஸில் போய்விட்டார். அந்தத் தடவை ராத்தாவிடம் "வாறியா" என்று கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது ராத்தாவின் குரலில் ஒரு குறை இருந்தது.

சில கிழமைகளில் திருத்திய படம் வந்தது. ஒழுங்கை மஞ்சளாகியிருந்தது. கடற்கரைப் பக்கம் இன்னும் ரோஸ்தான். கரையில் வாடிக் கொட்டில் போட்டு மீன் பிடிப்பவர்களின் பிரச்சினை இன்னும் தீரவில்லை. அவர்கள் இன்னொரு கூட்டம் கேட்டிருக்கிறார்கள். முழு வெற்றி என்று யாரும் வெடி கொளுத்தவில்லை. ஆனால் ராத்தாவின் வீட்டை யாரும் கேட்கப் போவதில்லை.

இந்தச் செய்தி வந்த அன்றைக்கே ராத்தா கோல் எடுத்தார்.

"தம்பி, உனக்குத் தெரிஞ்ச வேன் இருக்கா? நான் ஒருக்கா அங்க போய்ப் பார்த்திட்டு வரலாம் எண்டு..."

"மூத்தவட பிள்ளைக்குச் சளி எண்டீங்க?"

"அது கிடக்கட்டும்."

மனசு எவ்வளவு விசித்திரமான சாமான் பாருங்கள். போகத்தான் வேண்டும் என்றபோது கால் வரவில்லை. போகத் தேவையில்லை என்று ஆனதும் வேன் தேடுகிறது.

மச்சானுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை. மதவாச்சியால் சுற்றிப் போய்ச் சேரப் பின்னேரம், அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையில் மேசன் கரண்டியோடு அப்படியே நின்றார். சீமெந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ராத்தா அவரிடம் ஒன்றும் கதைக்கவில்லை. நேரே வீட்டுக்குள் போனார். நானும் போனேன். முன் அறை, படுக்கை அறை, கடைசியில் குசினி. குசினியில் நின்றுவிட்டார். அடுப்புக் கட்டைத் தொட்டார், பாத்திரம் கழுவும் இடத்தைத் தொட்டார், சாமான் வைக்கும் தட்டைத் தொட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. எல்லாம் வழமைக்கு எதிர்ப்பக்கம் இருப்பது பிறகுதான் கண்ணில் பட்டது.

ராத்தாவுக்கு இடது கைப் பழக்கம். எத்தாளை வீட்டை அவசரத்தில் கட்டியபோது அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? அங்கே அத்தனை வருஷமும் கையை மாற்றி மாற்றித்தான் சமைத்தார். இங்கே ஒரு மனிதன், ஆளில்லாத வீட்டில், அவருடைய கைக்குக் குசினி கட்டி வைத்திருக்கிறான்.

அடுப்பில் சாம்பல் இல்லை. அதில் ஒரு நாளும் நெருப்பு மூட்டப்படவில்லை.

"இதில சமைக்கிறல்லையா?" ராத்தா கேட்டார்.

மச்சான் வாசலில் நின்றார். "நான் வெளிய கல்லு வச்சுச் சமைக்கிறன்."

"ஏன்?"

"அது உன்ட."

ராத்தா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேயிலை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் அன்றைக்கே வேனோடு திரும்பிவிட்டேன். ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்றார் ராத்தா. கிழமை போய்விட்டது. இடைக்கிடை கோல் வரும். முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு பிடித்திருக்கிறதா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வலி கண்டதா, மல்லிகைக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்... கேள்வியெல்லாம் எத்தாளையைப் பற்றித்தான். அங்கே இருந்தபோது மச்சானிடம் ஊரைப் பற்றிக் கேட்டது போலவே, அதே குரலில்.

நேற்று நானே கோல் எடுத்தேன்.

"ராத்தா, எப்ப வீட்டுக்கு வாறீங்க?"

ராத்தா திருப்பிக் கேட்டார்:

"எந்த வீட்டுக்கு, தம்பி?"

பகிடிக்கு இல்லை. உண்மையாகவே கேட்டார்.