கப்பலுக்குப் பழக்கிய நாய்

மாமா பொய் சொல்வார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அம்மாவின் தம்பி அவர். இலங்கையில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில், ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, மாமா, நான் என நால்வரும் குடியிருந்தோம். எழுபதுகளில் இந்தியாவுக்குப் போக எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்தபோது, டைகரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சோறு தின்ன மறுத்தேன். டைகர் எங்கள் நாய்.

"கயித்துல கட்டுனா இழுக்காம நடக்குற நாயத்தான் கப்பல்ல ஏத்துவாங்க பாப்பா. பழக்கிட்டா கூட்டிட்டுப் போயிரலாம்" என்றார் மாமா.

டைகரோ முயலைக் கண்டால் ஆளையும் சேர்த்துத் தேயிலைக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். மாமா தன் பழைய பெல்ட்டை அறுத்துக் கழுத்துப்பட்டி செய்து, கயிறு மாட்டிக் கொடுத்தார்.

"அது இழுத்தா நீ அப்புடியே நின்னுரு. கயிறு தொய்ஞ்சதும் நட. அடிக்கக் கூடாது."

நின்று நின்று போனதில், தண்ணீர் பிடிக்கும் பீலிவரை போய்வரவே காலை கழிந்தது. கொழுந்தெடுக்கப் போன பெண்கள், "யாரு யாரப் பழக்குறாங்க?" என்று சிரித்தார்கள். ரொட்டித் துண்டுக்காகக் கொஞ்சம், என் பிடிவாதத்துக்காகக் கொஞ்சம் என்று டைகர் வழிக்கு வந்தது. புறப்பட்ட அன்று, பஸ் பக்கத்தில் ஹாரன் அடித்தும் கயிறு தொய்ந்தே கிடந்தது.

அட்டன் ஸ்டேஷனில் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்துக் கதறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலிலும் டைகர் என் காலோடு ஒட்டி நின்றது. கப்பல்துறைக்குப் போகும் கோச்சி ரயில் வந்ததும் மாமா கயிற்றை வாங்கிக்கொண்டார். நாயை ஏற்றத்தான் வாங்குகிறார் என்று நான் முதலில் ஏறினேன். திரும்பினால், அவர் கீழேயே நிற்கிறார். கோச்சி நகர்ந்தது.

"மாமா! டைகர ஏத்துங்க!"

"எங்கூடவே இருக்கட்டும் பாப்பா."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். டைகர் இழுக்கவில்லை, குரைக்கவில்லை. நான் பழக்கியபடியே அவர் பக்கத்தில் அமைதியாக நடந்து போனது.

அம்மா ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நாய்க்காக அம்மாவும் இப்படி அழுவாளா!

"மாமா பின்னாடி வர்றப்பக் கூட்டியாருவாருங்களா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"மாமா வரமாட்டாரு. அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமைதான கெடைச்சிருக்கு. இங்கதான் இருந்தாகணும்."

ஏதோ கிடைத்திருக்கிறது என்றால் நல்லதுதானே. அதற்கு அப்பாவும் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.